எம்.எஸ். குடலிலதான் தொடங்குதா? அண்ணா குளிசையை விடப் பார்க்கிறார்

2025 மே 11, மாலை 6.15 (கேள்வி)

என்ர அண்ணாவுக்கு 29 வயது. மார்ச்சில எம்.எஸ். (மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ், மூளையிலயும் முதுகுத்தண்டிலயும் நரம்பைத் தாக்கிற வருத்தம்) எண்டு உறுதிப்படுத்தினவை. டிமெதில் ஃபியூமரேட் குளிசை தொடங்கி மூண்டு கிழமை. போட்டுக் கொஞ்ச நேரத்தில முகம் கழுத்தெல்லாம் சிவந்து எரியுது, வயிற்றைப் பிசையுது, நாளுக்கு நாலு தரம் வெளிக்குப் போறார். வீடியோ ஒண்டில ஒருத்தர் சொல்றார், நோயெதிர்ப்பு முழுக்கக் குடலுக்குள்ளதான் இருக்கு, குடலைச் சுத்தப்படுத்தினால் எம்.எஸ். தன்பாட்டில போயிடும், குளிசை குடலை இன்னும் நாசமாக்கும் எண்டு. குளிசையை நிப்பாட்டிப்போட்டு 21 நாள் சாறு மட்டும் குடிக்கப் போறன் எண்டு அண்ணா நிக்கிறார். இதில உண்மை இருக்கா? ஆராவது செய்து பார்த்தனீங்களா?

மே 11, இரவு 10.40

நான் செய்து பார்த்தவள். இதை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன், மிச்சம் நாளைக்கு.

தங்கச்சி, அண்ணாவைத் தன்பாட்டில் நிற்பாட்ட விடாதீங்கோ. எனக்கு எம்.எஸ். என்று தெரிந்தது 2013இல். ஐந்து வருசம் இன்ரஃபெரோன் ஊசி. 2018 கடைசியில் உங்கள் அண்ணாவின் அதே குளிசைக்கு மாற்றினார்கள். அதே சிவப்பு, அதே வயிற்று நோ. தெரிந்த ஒருவர், என்மேல் உண்மையான அன்பு உள்ளவர், குடல் சுத்தம் செய்யும் முறை ஒன்று சொல்லித் தந்தார். 2019 ஜனவரியில் வைத்தியருக்குச் சொல்லாமல் குளிசையை விட்டேன். 21 நாள் சாறு. அதன்பிறகு பாண் இல்லை, பால் இல்லை, சீனி இல்லை. ஆறு கிலோ குறைந்தது. வயிறு பஞ்சாக இருந்தது. ஏழு மாசம் ஒரு குறையும் இல்லை. கண்ட ஆட்கள் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன்.

ஓகஸ்டில் ஷூப் வந்தது. ஜேர்மனிக்கு வெளியில் இருப்பவர்களுக்கு: நோய் திடீரென்று எழும்புவதை நாங்கள் இங்கே ஷூப் என்றுதான் சொல்வோம். இடது பாதத்தில் தொடங்கின விறைப்பு நாலு நாளில் இடுப்புவரை ஏறியது. மகளின் சட்டைக்குப் பொத்தான் பூட்ட விரல் கேட்கவில்லை. ஐந்து நாள், நாளுக்கு 1000 மில்லிகிராம் கோர்ட்டிசோன் ஏற்றினார்கள். விரல் திரும்பி வந்தது. பாதம் வரவில்லை. இன்றைக்கும் இடது கால் செருப்புக் கழன்றால் குனிந்து பார்த்துத்தான் அறிகிறேன்.

அந்த ஏழு மாசச் சுகத்தைச் சாறுதான் தந்தது என்று நம்பினேன். எம்.எஸ். தானாகவே மாசக்கணக்கில், சிலருக்கு வருசக்கணக்கில், அடங்கிக் கிடக்கிற வருத்தம். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் எதைக் குடித்தாலும் நல்ல பெயர் அதற்குத்தான் போகும்.

அண்ணாவுக்கு இப்போதைக்கு: குளிசையை வெறும் வயிற்றில் போட வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிடும்போது நடுவில் போடட்டும். முதல் கிழமை 120 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 240 இரண்டு வேளை என்றுதான் வழமையாகக் கூட்டுவார்கள். வயிற்றுக் கரைச்சல் பெரும்பாலும் முதல் மாசத்தில்தான் கடுமை. தாங்க ஏலாவிட்டால் நாளைக்கே வைத்தியருக்குப் போன் எடுக்கட்டும். கூட்டுகிற வேகத்தைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். இந்த வருத்தத்துக்கு இப்போது பத்துக்கு மேற்பட்ட மருந்து இருக்கு.

மே 12, பின்னேரம்

இனி அந்த வீடியோவுக்கு வருகிறேன். அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். பாதி உண்மை என்பதுதான் பயம். நான் விழுந்ததும் அந்தப் பாதியில்தான்.

எம்.எஸ். என்றால் நரம்பைச் சுற்றியிருக்கிற மயலின் உறையை எங்கள் சொந்த நோயெதிர்ப்புக் கலங்களே அரிப்பது. மயலினை எதிரியாகப் பார்க்கக்கூடிய ரி கலங்கள் என்ற வகை நோயெதிர்ப்புக் கலங்கள் சுகமாக இருக்கிற ஆட்களின் இரத்தத்திலும் இருக்கு. அவை நித்திரை. சிலருக்கு மட்டும் எழும்புகின்றன. எங்கே வைத்து எழும்புகின்றன?

அது கனகாலம் விடை தெரியாத கேள்வியாக இருந்தது. 2011இல் மூன்ஷன் (மியூனிக்) பக்கத்தில் மார்ட்டின்ஸ்ரீட் மக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் ஹார்ட்முட் வேக்கர்லே, குருமூர்த்தி கிருஷ்ணமூர்த்தி ஆகியோரின் குழு ஒரு சோதனை செய்தது. தானாகவே எம்.எஸ். போன்ற வருத்தம் வருகிற எலிகள். அவற்றை ஒரு கிருமியும் இல்லாத கூட்டில் பிறக்கவிட்டு வளர்த்தார்கள். வருத்தம் வரவில்லை. பிறகு சாதாரண எலியின் குடல் பக்டீரியாவைக் கொடுத்தார்கள். வந்தது.

நான் அதை வாசித்தது 2020இல், ஷூப்புக்குப் பிறகு. மேசையில் வைத்துவிட்டு எழும்பி நடந்தேன். அந்த வீடியோக்காரர்கள் சொன்னதில் ஒரு வேர் இருந்தது. வேரைக் காட்டி விஷத்தை விற்றிருக்கிறார்கள்.

குடல் ஏன் அப்படி என்றால், அதன் உட்சுவர் ஒற்றை வரிசைக் கலங்களால் ஆனது. அந்தப் பக்கம் கோடிக்கணக்கான பக்டீரியா, இந்தப் பக்கம் உடம்பிலேயே ஆகப் பெரிய நோயெதிர்ப்புப் படை. நாள் முழுக்க அந்தப் படை ‘இது சாப்பாடு, இது கூட்டாளி, இது எதிரி’ என்று தரம் பிரித்துக்கொண்டே இருக்கு. அங்கே பாடம் படித்த கலம் அங்கேயே இருந்துவிடுவதில்லை. இரத்தத்தில் ஏறி ஊர் சுற்றும். பாடம் பிழைத்தால் பிழைத்த பாடத்தோடுதான் சுற்றும்.

மே 12, இரவு

ஒரு திருத்தம். ‘தானாகவே வருத்தம் வருகிற எலி’ என்று எழுதினேன். அவை மரபணுவில் கை வைத்து உண்டாக்கிய எலிகள். அவற்றின் ரி கலங்களில் பெரும்பங்கு பிறப்பிலேயே மயலினைக் குறிவைப்பவை. மனிதர் அப்படிப் பிறப்பதில்லை. கிருமியே இல்லாத மனிதக் குடலும் கிடையாது, சாறு குடித்து அப்படி ஒன்றை உண்டாக்கவும் ஏலாது. குடலைக் கழுவித் துடைத்தால் வருத்தம் போகும் என்ற கதைக்கு அந்தச் சோதனை சாட்சி சொல்லாது.

மே 14

‘எலிக்கதை வேண்டாம், மனிதரில் என்ன கண்டார்கள்’ என்று கேட்ட தம்பிக்கு.

எனக்கு ஆகப் பிடித்தது இரட்டையர் ஆய்வு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு நாலில் ஒன்று அளவுதான். மரபணு ஒன்று, மூன்று பேர் தப்புகிறார்கள். அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ சேருகிறது. ஒருவருக்கு வருத்தம் இருந்து மற்றவர் சுகமாக இருக்கிற 34 சோடிகளை எடுத்தார்கள், அதே மூன்ஷன் ஆட்கள்தான், 2017. மலத்தில் உள்ள பக்டீரியாப் பட்டியலைப் பார்த்தால் சோடிக்குள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் எலிக்குள் விட்டுப் பார்த்தபோது, வருத்தக்காரரின் மலம் கிடைத்த எலிகளில் கூடுதலானவற்றுக்கு நோய் வந்தது. சுகமானவரின் மலம் கிடைத்தவற்றில் குறைவு. அமைதிப்படுத்துகிற இன்ரலூக்கின் 10 என்ற பொருளும் முதல் கூட்டத்தில் குறைந்திருந்தது.

2025 ஏப்ரலில் அதன் தொடர்ச்சி வந்திருக்கு. 81 சோடிகள். இந்த முறை மலத்தோடு நிற்காமல் சிலருக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள் குழாய் விட்டும் எடுத்துப் பார்த்தார்கள். ஐசன்பெர்கியெல்லா தாயி, லக்னோகுளொஸ்ரிடியம் என்று இரண்டு பக்டீரியாவின் பெயர்மேல் சந்தேகம் விழுந்திருக்கு. எனக்கு அதில் முக்கியம் பெயர் அல்ல, இடம். நோயெதிர்ப்புக் கலங்கள் செறிந்து கிடப்பது சிறுகுடல் முடிகிற இடத்தில். நாங்கள் பரிசோதிக்கக் கொடுக்கிற மலம் பெருங்குடலின் கதை. மிலானோவில் 2017இல் எம்.எஸ். ஆட்களின் சிறுகுடலில் பார்த்தபோதும், வருத்தம் உசாராக இருந்தவர்களிடம் தாக்கும் வகை ரி கலங்கள் அங்கே கூடியிருந்தன.

ஆகப் பெரிய எண்ணிக்கை 2022இல் வந்தது: 576 எம்.எஸ். ஆட்கள், ஒவ்வொருவரோடும் ஒரே வீட்டில் வாழ்கிற சுகமான ஒருவர். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவரோடு ஒப்பிட்டது நல்ல யோசனை. எம்.எஸ். ஆட்களிடம் அக்கர்மன்சியா, ஐசன்பெர்கியெல்லா தாயி போன்ற பக்டீரியாக்கள் கூடியிருந்தன, ஃபீகலிபக்டீரியம், பிளௌஷியா குறைந்திருந்தன. இதில் அக்கர்மன்சியாதான் பொல்லாதது என்று படுகிறது. குடல் சுவரின் சளிப்படையைத் தின்னுகிற பக்டீரியா அது.

மே 17

ரொறன்ரோ அண்ணை கேட்டது: ‘ஊரில் நாங்கள் கேள்விப்படாத வருத்தம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வருகுது. சாப்பாடு மாறினதுதானே?’

அண்ணை, இந்தக் கேள்வி என்னை நித்திரை கொள்ளவிடாத கேள்வி. நான் எட்டு வயதில் வந்தவள். 15 வயதுக்கு முன் இடம்பெயர்ந்தால் புது நாட்டின் ஆபத்து ஒட்டிக்கொள்ளும், பிறகு வந்தால் பிறந்த நாட்டின் ஆபத்தோடு வருவோம் என்பது பழைய கணக்கு. இங்கிலாந்தில் குடியேறிய தெற்காசியரின் பிள்ளைகளிலும் அதைக் கண்டார்கள். என் அம்மாவின் வயதுக்காரர் ஒருவருக்கும் எங்கள் உறவில் இது இல்லை.

ஆனால் விமானத்தால் இறங்கும்போது சாப்பாடு மட்டுமா மாறுகிறது? வெயில் போகிறது, விற்றமின் டி குறைகிறது. இன்னொன்று எப்ஸ்டீன்-பார் வைரஸ். ஊரில் குழந்தையிலேயே தொற்றித் தெரியாமல் போய்விடும். இங்கே பலருக்குப் பதின்ம வயதில் வந்து காய்ச்சலாக வாட்டும். ஜேர்மனியில் பைஃபர் காய்ச்சல் என்பது அதுதான். எனக்கு 17 வயதில் மூன்று கிழமை படுக்கை. 2022இல் ஹாவார்ட்டில் அல்பேர்ட்டோ அஷேரியோவின் குழு ஒரு கோடி அமெரிக்கப் படையினரின் பதிவுகளில் தேடி, அந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். ஆபத்து 32 மடங்காவதைக் காட்டியது. குடல் பக்டீரியா எதிலும் இவ்வளவு பெரிய எண் கிடையாது. சிகரெட்டும் கூட்டும், அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகவே ‘குடலில்தான் தொடங்குதா’ என்ற தலைப்புக்கு இன்று என் பதில்: தொடக்கம் ஒன்று அல்ல.

மே 25

புரோப்பியோனேட் பற்றி மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டீர்கள். பொதுவிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் செமிக்காத நார்ச்சத்தைப் பெருங்குடல் பக்டீரியா புளிக்க வைத்து மூன்று சிறிய கொழுப்பமிலங்களைத் தருகின்றன: அசெற்றேட், புரோப்பியோனேட், பியூற்றிரேட். பியூற்றிரேட் குடல் சுவருக்கே சாப்பாடு. புரோப்பியோனேட், சண்டையை அடக்குகிற வகை ரி கலங்களை வளர்க்கிறது. இதை முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் போஹும் என்ற நகரத்து ஆய்வாளர்கள், நான் இருக்கிற டோட்முண்டிலிருந்து ரயிலில் பத்துப் பதினைந்து நிமிசம். 2020இல் வெளியிட்டார்கள். எம்.எஸ். ஆட்களின் மலத்திலும் இரத்தத்திலும் புரோப்பியோனேட் குறைவாக இருந்தது. 500 மில்லிகிராம் காலை மாலை கொடுத்தபோது இரண்டு கிழமையில் அடக்கும் கலங்கள் கூடின. தொடர்ந்து எடுத்தவர்களுக்கு ஷூப் குறைந்தது.

நானும் எடுக்கிறேன், 2021 முதல். பாண் பூஞ்சணம் பிடிக்காமல் போடுகிற அதே உப்புத்தான், பெட்டியில் ஈ 281, ஈ 282 என்று போட்டிருக்கும். வயிறு சிலருக்கு ஊதும். வாசம் கொஞ்சம் பழைய சீஸ்போல.

மே 26

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தபோது மனம் கேட்கவில்லை. ‘ஷூப் குறைந்தது’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அந்தப் பகுதி பொய்க்குளிசையோடு ஒப்பிட்டுச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. விரும்பித் தொடர்ந்து எடுத்தவர்களைப் பிறகு திரும்பிப் பார்த்த கணக்கு. விரும்பி எடுக்கிற ஆள் நடக்கவும் செய்வார், மருந்தைத் தவறவிடாமல் போடவும் செய்வார். அவர்களில் பலர் எம்.எஸ். மருந்தின்மேல் இதைச் சேர்த்தவர்கள் என்பதை வீடியோக்கள் சொல்வதே இல்லை.

நான் எடுப்பதை நிற்பாட்டவில்லை. ஆனால் என் எம்.ஆர்.ரி.யில் (மூளையைப் படமெடுக்கிற எம்.ஆர்.ஐ. ஸ்கான்) புதுப் புள்ளி வராததற்கு இதுதான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஒக்ரலிசுமப் என்ற எம்.எஸ். மருந்தை ஏற்றிக்கொள்கிற ஆள் நான்.

ஜூன் 8

இது நீளம். கனநாளாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தது.

மே 14இல் அக்கர்மன்சியாவைப் பொல்லாதது என்று எழுதினேன். அதை எடுத்துக்கொள்கிறேன். எலியில் ஒரு ஆய்வு நேர்மாறாகக் காட்டுகிறது: வருத்தம் உச்சத்தில் இருக்கும்போது அது பெருகுகிறது, பெருகி வருத்தத்தைத் தணிக்கிறது. தீ எரிகிற இடத்தில் நிற்கிற எல்லாரும் தீ வைத்தவர்கள் அல்ல, வாளியோடு வந்தவர்களும் இருப்பார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கு. அதைச் சொல்ல எங்கள் ஆட்கள் வெட்கப்படுகிற ஒன்றைக் கதைக்க வேண்டும்.

மலச்சிக்கல். முதுகுத்தண்டில் புண் விழுந்தால் குடலுக்குப் போகிற கட்டளை மெதுவாகும். எம்.எஸ். ஆட்களில் பெரும்பங்குக்குச் சலத்திலோ மலத்திலோ கரைச்சல் இருக்கு. எனக்கு முதல் ஷூப்புக்குப் பிறகே தொடங்கியது. மூன்று நாள், நாலு நாள் போகாது. ஐந்து வருசம் நரம்பு வைத்தியரிடம் அதைச் சொல்லவில்லை. கால், கண், கை என்று கேட்பார், பதில் சொல்வேன். அவர் ஆம்பிளை, இவர் பக்கத்தில் இருப்பார், நான் எப்படி வாயைத் திறப்பது? அம்மாவிடமும் சொல்லவில்லை. கடைசியில் கேட்டது ஒரு தாதி. சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது கதவைச் சாத்திவிட்டு, ‘வெளிக்குப் போறது எப்படி?’ என்று சாதாரணமாகக் கேட்டா. அழுதுவிட்டேன்.

இப்போது ஆய்வுக்கு வாருங்கோ. 2016இல் பொஸ்ரனில், எம்.எஸ். ஆட்களிடம் கூடியிருக்கு என்று சொன்ன இரண்டு பெயர்: அக்கர்மன்சியா, மெதனோபிரெவிபக்டர். அதே காலத்தில் பெல்ஜியத்தில் லூவன் ஆய்வாளர்கள் நோயே இல்லாத பெண்களின் மலத்தை, இறுக்கம் இளக்கம் பார்த்து வரிசைப்படுத்தினார்கள். மலம் இறுக இறுக எவை கூடுகின்றன என்று பாருங்கோ. அதே இரண்டும்தான்!

அப்படியானால் பொஸ்ரனில் கண்டது எம்.எஸ்.ஸின் காரணமா, எம்.எஸ். தந்த மலச்சிக்கலின் தடமா? குடல் நரம்பைக் கெடுத்ததா, நரம்பு குடலை மெதுவாக்கி அதனால் பக்டீரியா மாறினதா? இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். இரட்டையர் எலிச் சோதனை முதல் பக்கத்துக்குப் பலம் சேர்க்கிறது, இது இரண்டாவதற்கு. ‘உங்கள் குடல் பக்டீரியா கெட்டுப்போனதால் வருத்தம் வந்தது’ என்று ஒருவர் பணம் கேட்கும்போது, வந்த வருத்தம்தான் பக்டீரியாவை மாற்றியதோ என்று நாங்கள் கேட்கலாம். நான் 2019இல் கேட்கவில்லை.

ஜூன் 9

பெண்கள் பதினொரு பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து, எனக்கு உதவியவை:

எங்களில் பலர் அடிக்கடி சலம் முட்டுகிறது என்று தண்ணியைக் குறைக்கிறோம். அங்கேதான் மலம் இறுகுகிறது. சலத்துக்கு வேறு மருந்து கேளுங்கோ, தண்ணியை வெட்ட வேண்டாம். காலைச் சாப்பாடு முடிந்து இருபது நிமிசத்தில் குடல் தானாக ஒருமுறை அசையும், அந்த நேரத்தில் அவசரமில்லாமல் இருக்க வேண்டும். நான் வேலைக்கு ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பத் தொடங்கினேன். காலுக்குக் கீழே சின்ன முக்காலி, ஊரில் குந்தின மாதிரி முழங்கால் உயரும். இசப்பகோல் உமி நிறையத் தண்ணியோடு. காணாவிட்டால் மக்ரோகோல் என்ற மலமிளக்கித் தூள், இது வைத்தியரோடு கதைத்து. வைத்தியருக்குச் சொல்ல வாய் வராவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கோ. நான் அப்படித்தான் இவருக்கே முதலில் சொன்னேன்.

ஜூலை 2

சீந்தில், அமுக்கிரா, கருஞ்சீரகம் சேர்த்து ‘நோயெதிர்ப்பைக் கூட்டும்’ கசாயம் எழுதியிருக்கிற அண்ணைக்கு. அக்கறையில் எழுதியிருக்கிறீங்கள், தெரியும். ஆனால் எங்களுக்கு நோயெதிர்ப்பு குறைவு இல்லை, திசை பிழை. கூட்டினால் எந்தப் பக்கம் கூடும்?

இது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு உண்மைக் கதை. குடலே புண்ணாகிற குரோன்ஸ் வருத்தத்துக்கு ரி.என்.எஃப். என்ற, அழற்சியைத் தூண்டுகிற பொருளை அடக்குகிற மருந்து நல்லாக வேலை செய்யும். எம்.எஸ்.ஸும் அழற்சிதானே என்று அதே வழியில் லெனர்செப்ட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999இல் முடிவு வந்தது: ஷூப் கூடியது. இன்றைக்கும் எம்.எஸ். உள்ளவருக்கு அந்த வகை மருந்தைத் தவிர்க்கிறார்கள். இன்னொரு பக்கம் நற்றலிசுமப், நோயெதிர்ப்புக் கலங்கள் இரத்தக் குழாயைவிட்டு மூளைக்கும் குடலுக்கும் நுழைகிற கதவை அடைப்பது, எம்.எஸ்.ஸுக்குப் பலமான மருந்து. அமெரிக்காவில் குரோன்ஸுக்கும் அனுமதி உண்டு. ஒரு மருந்து இரண்டுக்கும் சரி, ஒன்று குடலுக்குச் சரி, நரம்புக்கு நஞ்சு.

சீந்தில் பற்றித் தனியாக: மும்பையில் அதைக் குடித்தவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்ததை 2021இல் வைத்தியர்கள் எழுதினார்கள், நோயெதிர்ப்புப் பிழைத்து ஈரலைத் தாக்கிய மாதிரி. எம்.எஸ். மருந்துகள் பலதுக்கும் ஈரல் சோதனை தேவை. தயவு செய்து அந்தக் கசாயத்தை எடுத்துவிடுங்கோ.

ஜூலை 2, இரவு

எடுத்துவிட்டதற்கு நன்றி அண்ணை. மல்லிக் கோப்பியும் கூடாதா என்று கேட்டீங்கள், அதை நான் குறை சொல்லவில்லை. நானும் குடிக்கிறேன்.

ஓகஸ்ட் 19

இன்றைக்கு ஏற்றுகிற நாள். கையில் ஊசியோடு ஒரு கையால் எழுதுகிறேன்.

ரொறன்ரோ அண்ணைக்கு உங்கள் ஊர்ச் செய்தி. ஜெனிஃபர் கொமர்மன் என்பவரின் குழு 2019இல் பெரும்பாலும் எலிகளில் கண்டது: குடலில் ஐஜிஏ என்ற பிறபொருளெதிரியைச் சுரக்கிற கலங்கள், வருத்தம் எழும்பும் நேரத்தில் குடலைவிட்டு மூளைப் பக்கம் போகின்றன. போய்ச் சண்டையைக் கூட்டவில்லை. இன்ரலூக்கின் 10 சுரந்து அடக்குகின்றன.

இதை வாசித்தபோது பழைய புதிர் ஒன்று எனக்கு விளங்கினது. அற்றாசிசெப்ட் என்ற மருந்து இந்த வகைச் சுரக்கும் கலங்களையும் சேர்த்துக் குறைப்பது. எம்.எஸ்.ஸில் சோதித்தபோது ஷூப் கூடி, சோதனையையே நிற்பாட்டினார்கள். இப்போது என் கையில் இறங்குகிற மருந்து, இந்தச் சுரக்கும் கலங்களின் இளம் வடிவமான பி கலங்களை அழிக்கிறது, ஆனால் முற்றிச் சுரக்கத் தொடங்கிய கலங்களில் அதன் குறி இல்லாததால் அவற்றை விட்டுவிடுகிறது. பாழாய்ப்போன குடல் என்று ஒரு காலம் திட்டினேன். அங்கேயிருந்து எனக்காக யாரோ மேலே ஏறிப் போயிருக்கிறார்கள்.

மயக்க மருந்துமாதிரி ஒவ்வாமைக் குளிசை கண்ணைச் சுழற்றுகிறது. பிறகு.

செப்ரெம்பர் 14

‘சரி அக்கா, கடைசியில் என்னதான் சாப்பிடுறது’ என்று கேட்டிருக்கிறார் கேள்வி கேட்ட தங்கச்சியின் அண்ணா. நேரே வந்ததில் எனக்குச் சந்தோசம் தம்பி.

எம்.எஸ்.ஸை மாற்றுகிற சாப்பாடு என்று நிரூபித்த ஒன்று இல்லை. நான் செய்வதைச் சொல்கிறேன். ஜேர்மனியில் நாளுக்கு 30 கிராம் நார்ச்சத்து என்பார்கள். முன்பு நான் அதில் பாதியும் எட்டியிருக்க மாட்டேன்: காலையில் வெள்ளைப் பாண், மத்தியானம் வெள்ளைச் சோறு, இரவு கோதம்பைமாப் புட்டு. இப்போது காலையில் இங்கத்தைக் கறுப்புப் பாண், அந்த வெஸ்ற்ஃபாலியன் பும்பர்னிக்கல். முதலில் ஈரச் செங்கல்மாதிரி இருந்தது, இப்போது அது இல்லாமல் ஏலாது. இரவு குரக்கன் புட்டு அல்லது சிவப்பரிசிமா இடியப்பம். பருப்பு, கடலை, கீரை ஒவ்வொரு நாளும். வீட்டில் உறை ஊற்றின தயிர். உடனே கூட்டினால் வயிறு ஊதும், கிழமைக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கோ.

பழஞ்சோறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சோறு ஆறும்போது மாச்சத்தில் ஒரு பகுதி செமிக்காத வகையாக இறுகுகிறது, அது பெருங்குடலுக்குப் போய்ப் பக்டீரியாவுக்குச் சாப்பாடாகிறது. அதுவரை உண்மை. ‘எம்.எஸ்.ஸுக்குப் பழஞ்சோறு’ என்று யாரும் சோதித்ததில்லை. இரவு முழுக்க வெளியில் வைத்த சோற்றில் வேறு கிருமியும் வளரும், எங்களைப்போல நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது.

அம்மம்மா மண்சட்டியில் பழஞ்சோறும் பழைய மீன்குழம்பும் தயிரும் சின்ன வெங்காயமும் பிசைந்து, உருட்டி உருட்டி எங்கள் உள்ளங்கையில் வைப்பா. ஐந்து பேர் வட்டமாக இருப்போம். எட்டு வயதுவரை நான் சாப்பிட்டது அது. அது என்னை எந்த அளவுக்குக் காத்தது, விட்டு வந்தது எந்த அளவுக்குக் கெடுத்தது என்று கணக்குப் பார்க்க ஒரு காலம் முயன்றேன். இப்போது அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. ருசிக்காகச் செய்கிறேன், மகள் கையை நீட்டுகிறாள்.

ஒக்டோபர் 5

மலத்தை அனுப்பிப் பக்டீரியாப் பட்டியல் எடுப்பது பற்றி: நான் 2019இல் இருநூறு யூரோவுக்கு மேல் கொடுத்து எடுத்தேன். காப்புறுதி ஒரு சதமும் தரவில்லை. வண்ண வண்ணக் கோடுகளோடு பன்னிரண்டு பக்கம் வந்தது, கடைசிப் பக்கத்தில் அவர்களே விற்கிற தூளின் பெயர். மூன்று கிழமை கழித்து மருத்துவமனையில் படுத்திருந்தேன். அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் அதைச் சொல்கிற கோடு ஒன்றும் இருக்கவில்லை.

நவம்பர் 9

தம்பி எழுதியிருக்கிறார். குளிசையை விடவில்லை. புட்டோடு நடுவில் போடுகிறாராம், ஜூனுக்குப் பிறகு வயிறு அடங்கிவிட்டது, சிவப்பு எப்போதாவது. மலச்சிக்கல் இருந்ததை அவரும் வைத்தியரிடம் சொல்லியிருக்கிறார். இப்போது பயம் வேறு: கடைசி இரத்தச் சோதனையில் லிம்போசைற் (ஒரு வகை வெள்ளை இரத்தக் கலம்) 0.8. ‘குடலைச் சரிப்படுத்தினால் அது ஏறுமா அக்கா?’

இல்லை தம்பி, அது குடல் சம்பந்தமானது அல்ல, குளிசை செய்கிற வேலை. அந்த எண் இறங்குவது பலருக்கு நடக்கும். அதனால்தான் மூன்று மாசத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள். 0.5க்குக் கீழே ஆறு மாசத்துக்கு மேல் நின்றால் அந்தக் குளிசையை நிற்பாட்டி வேறு தருவார்கள். உங்களுடையது அதற்கு மேலே இருக்கு. அடுத்த சோதனைத் திகதியைத் தவறவிடாதீங்கோ, எண்ணைத் தாளில் வாங்கி வைத்திருங்கோ. பெப்ரவரியில் என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கோ.